துரைசாணி வேஷத்துக்கு இலோனா வரமாட்டா

அன்புள்ள தியாகு,

சௌக்கியமா? சினிமாவுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்குற பெரிய மனுஷன், உனக்கென்ன வந்துடப் போவுது. இங்க அறுப்பு முடிஞ்சு, உளுந்தும் எடுத்தாச்சு. நன்னிலம் ரோட்டுல ஒரே புழுதி. அது கிடக்கட்டும்.

இன்னொரு துரைசாணி வேஷம் வந்திருக்கு, இலோனாவ அனுப்புன்னு கேட்டிருந்த. ஹங்கேரியிலேருந்து வந்து நம்ம நாடகக் கம்பெனியில சேந்து, தமிழும் ஒப்பாரியும் கத்துக்கிட்ட பொம்பள. உங்கம்மா செத்தப்ப அவ வச்ச ஒப்பாரிக்குத் தெருவே அழுதுச்சு, நீயும் அழுத. அவளப் படத்துக்குக் கூட்டிட்டுப் போயி, "வெள்ளக்காரி இவ்வளவு சுத்தமாப் பேசினா எவன் நம்புவான், கொழறிப் பேசும்மா"ன்ன. எத்தன படம், அத்தனையிலயும் சாட்டையும் கையுமா கூலியாள அடிக்க விட்ட. அதுக்கு உனக்குச் சால்வை வேற போத்துனாங்களாம். வச்சுக்க, கொசுவுக்கு ஆவும்.

இன்னிக்கு நம்ம கோயில் திடல்ல, பிள்ளையப் பறிகொடுத்த தாயா முதல்தடவ நடிக்கிறா. "சனம் சிரிச்சுட்டா என்னண்ணே பண்ணுவேன்"னு காலையிலேருந்து சோறு திங்கல. திரை இழுக்குறவன் நான், ஓரமா குந்தி இத எழுதுறேன். ஒப்பாரி ஆரம்பிச்சுட்டா. ஒருத்தரும் சிரிக்கல. முன்னால குந்தியிருக்குற பொம்பளைங்க முந்தானையால மூஞ்சத் தொடைக்கிறாங்க. தோ, திரைய விடச் சொல்லிக் கூப்புடுறாங்க. டேய் தியாகு, நீ மட்டும் இப்ப இங்க இருந்திருந்தா