அத்தான் ஒதுக்கிய வாசிப்பான்

நாரின், நவம்பர் 3

அன்புள்ள சினாரா அக்காவுக்கு,

அத்தான் ஒதுக்கிப்போட்ட மின்நூல் வாசிப்பான் வந்து சேர்ந்தது. நம் கடிதங்களைக் கொண்டுவரும் வண்டி ஓட்டுநர் அதைக் குதிரைக்கறி மூட்டைக்குள் வைத்திருந்ததால் கொஞ்சம் மணக்கிறது. சந்தையில் ஒரு விசைப்பலகை வாங்கிச் சொருகினேன்; பிடித்துக்கொண்டது! நாவலை இதில்தான் எழுதுகிறேன். தொந்தரவு வேண்டாமென்று கைப்பேசியையும் விற்றுவிட்டேன். எழுதியதையெல்லாம் கருவியே எங்கேயோ சேமித்துக்கொள்கிறதாம். பொறுப்பான இயந்திரம்.

பாலமே இல்லாத ஆற்றில் இரண்டு முறை பாலம் பழுதுபார்த்த அதிகாரி ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்துவிட்டார். அத்தானிடம் சொல்லிவிடாதே. தன்னைப் போல இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அவரேதான்.

உன் தம்பி,
எசென்

பிஷ்கெக், நவம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

இருமல் தேவலையா? கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். சாக்குச் சொல்லாதே.

அத்தான் அதிசயமாகப் புத்தகம் வாசிக்கிறார். சாப்பிடும்போதும் புது வாசிப்பானைக் கீழே வைப்பதில்லை. "என்னங்க, அவ்வளவு சுவாரசியமா?" என்றேன். "அஞ்சாவது அத்தியாயம் ஓடுது. முடிவை நான்தான் சொல்லணும் போல," என்றார். சிரிக்கவில்லை.

பாலத்தைப் பற்றி விசாரித்த நிருபர் இன்னும் வீடு திரும்பவில்லையாம்.

அக்கா

பிஷ்கெக், நவம்பர் 20

எசென்,

அந்த வாசிப்பானை உடனே அணைத்துவிடு. இரண்டு கருவிக்கும் ஒரே வீட்டுக் கணக்கு. நீ தட்டுகிற ஒவ்வொரு வரியும் அவருடையதில் வந்து நிற்கிறது. இன்று என் கண்ணால் பார்த்தேன். யார் கூப்பிட்டாலும் இங்கே வராதே.

கணவாயில் பனி. "வழி திறந்ததும் மொத வேலையா கொடுத்துடறேன் அக்கா," என்கிறார் ஓட்டுநர்.

சினாரா

நாரின், நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

கணவாய் மூடியதிலிருந்து உன் கடிதமே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தால், ஐந்தாம் அத்தியாயத்துக்கு அடியிலேயே எழுதியிருக்கிறாய்! கெட்டிக்காரி. நானும் இதிலேயே பதில் எழுதுகிறேன்.

"பதிப்பாளர் கிடைத்துள்ளார். கருவியுடன் உடனே புறப்பட்டு வரவும். தாமதம் தவிர்க்கவும். அக்கா." அத்தானோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தி, நீயும் சுற்றறிக்கை போல எழுதப் பழகிவிட்டாய்.

பாலத்துக் கதையை எனக்குச் சொன்னவர் பெயரையும் கேட்டிருக்கிறாய். அதை நேரில்தான் சொல்வேன்.

நீ அனுப்பிய கார் வாசலில் நிற்கிறது. கணவாய் இன்னும் திறக்கவில்லை என்கிறார்கள். இதற்கு மட்டும் எப்படி வழி விட்டார்களோ. ஓட்டுநர் புதியவர். தேநீர்கூட வேண்டாமென்கிறார்.

நான் வருவதை அத்தானிடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன் தம்பி,
எசென்