கண்ணாடித் தரை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? இங்கே நான், உன் மாமா, மகள் வாலு மூவரும் நலம். ஆஸ்பத்திரியில் ஒருவழியாக லீவு கிடைத்து, உன் நடைப்பாலத்தைப் பார்த்துவிட்டோம். கல்வெட்டில் உன் பெயரைக் கண்டதும் உன் மாமா, "நம்ம பய பெரிய ஆளாயிட்டான்டி!" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் ஆற்றின் மேல் எப்படித்தான் வளைந்து நிற்கிறதோ! கண் கொட்டாமல் பார்த்தேன்.

அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. தரை முழுக்க ஏன்டா கண்ணாடி போட்டாய்? குனிந்தால் தண்ணீரா தெரிந்தது? கீழே கரையோரப் படிக்கட்டில் ஒரு கூட்டம் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ஒருவன் கடலை கொறித்துக்கொண்டே பார்க்கிறான். நானும் வாலுவும் கவுனில் இருந்தோம். விஷயம் புரிந்ததும் கவுனைக் காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தேன்.

பழைய பாலத்தை இடித்துவிட்டார்கள். என்னைப் போன்ற நர்ஸுகளுக்கும் வாலு மாதிரி காலேஜ் பெண்களுக்கும் ஆற்றைக் கடக்க வேறு வழியில்லை. நகராட்சி இன்ஜினியரைக் கேட்டேன். "கண்ணாடிய மறைக்கணும்னா வரைஞ்சவர் எழுதிக் குடுக்கணும்மா" என்கிறார். ஒரு வரி எழுதிக் கொடு, ராஜா.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தின் முதல் பாதியை ஆபீஸில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மறு பாதியை மடித்து வைத்துவிட்டேன்.

காலடியில் ஆறு ஓடுவது தெரிய வேண்டும். அந்தப் பாலத்தின் உயிரே அதுதான். அடுத்த மாதம் விருதுக் குழு பார்க்க வருகிறது, அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது. புதுசில் நாலு வெட்டிப்பயல்கள் வருவார்கள், பிறகு அவன்களுக்கே சலித்துவிடும். சும்மா பெரிசு பண்ணாதே. எல்லோரையும் பேன்ட் போட்டுக்கொண்டு நடக்கச் சொல். மாமாவைக் கேட்டதாகச் சொல். வாலுவுக்கு என் முத்தம்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

அவன்களுக்குச் சலிக்கவில்லை. வாலுவைக் கீழேயிருந்து படம் எடுத்து, காலேஜ் முழுக்கப் போனில் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரமாக அவள் வீட்டுப் படி இறங்கவில்லை. "எத்தன தடவ குளிச்சாலும் போகமாட்டேங்குதும்மா" என்கிறாள்.

உன் மாமா அந்தப் படிக்கட்டுக்குப் போய் ஒருவன் சட்டையைப் பிடித்தார். "பாலத்தத்தான் பாக்குறோம் பெருசு, பாக்கத்தானே கட்டிருக்காங்க" என்று பல்லை இளித்தானாம். சீ!

பேன்ட் போடச் சொன்னாயே, ஆஸ்பத்திரியில் கவுன்தான் யூனிஃபார்ம், அதை நானா முடிவு செய்கிறேன்? விருது கிடக்கட்டும். இன்றைக்கே எழுதிக் கொடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 27

அன்பு அக்கா,

கிடைத்துவிட்டது! முதல் பரிசு! "ஒளிவுமறைவு இல்லாத பாலம்" என்று குழுவினர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். இனி கண்ணாடியை மறைக்கிற பேச்சே எழாது, புரிந்துகொள். வாலு விஷயம் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சின்னப் பெண், மறந்துவிடுவாள்.

அடுத்த வாரம் பத்திரிகைக்காரர்களோடு வருகிறேன். பாலத்தை வரைந்தவரின் குடும்பம் அதில் நடப்பது போல ஒரு படம் வேண்டுமாம். கீழேயிருந்து எடுத்தால்தான் கண்ணாடி எடுப்பாகத் தெரியும் என்கிறார்கள். நீயும் வாலுவும் தயாராக இருங்கள். நல்ல பேன்ட்டாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

உன் தம்பி


மார்ச் 31

பாலம் வரைந்தவருக்கு,

உங்கள் கடிதம் மகள் கண்ணில் படும் முன் அடுப்பில் போட்டேன். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இன்று டியூட்டி முடிந்ததும் நர்ஸுகள் எல்லோரும் சேர்ந்து, வார்டுக் கட்டில்களுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைக் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டோம். நகராட்சி இன்ஜினியர் வந்தார். "நான் ஒண்ணையும் பாக்கலம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் புகார் கொடுப்பதானால் என் பெயரையே எழுதிக் கொடுங்கள்.

படிக்கட்டில் உட்கார்ந்தவன்களுக்கு அவள் யாரோ ஒரு பெண். நீங்கள் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவன்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்களை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

வீட்டுக்கு வர வேண்டாம்.

வாலுவின் அம்மா