விரித்த பாயும் வெற்றிலை வட்டாவும்

ஜூன் 28, சனி

இன்றும் நான் சுற்றிக் காட்டும் தமிழ்ச் சுற்றுக்கு ஒரு குருவிகூட வரவில்லை. வாசலில் அறிவிப்புப் பலகையை வைத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன். ஒரு ஆடு வந்து பலகையை முகர்ந்துவிட்டுப் போனது. என்னோடு வேலை செய்யும் விதுர்ஷாவின் ஆங்கிலச் சுற்றுக்கோ ஒரு வேன் நிறைய வெள்ளைக்காரர்கள்.

உதயரூபன் சேர் கூப்பிட்டார். கல்லடியில் இந்தக் கைவினைச் சேகரிப்பை வைத்து நடத்துபவர் அவர்தான். கட்டடக் கலை படித்தவர், ஒவ்வொரு அறையையும் தன் கையாலே அடுக்கியவர். "ஆகஸ்ட் வரைக்கும் பாப்பம் அஸீமா. ஆக்கள் வராட்டித் தமிழ்ச் சுற்ற நிப்பாட்டிருவம். வீட்டில கிடக்கிற சாமானப் பாக்க நம்மட சனம் பஸ் ஏறி வருமா?"

வரும். வர வைப்பேன். துணிக்கடையில் பன்னிரண்டு வருடம் சேலை விரித்துக் காட்டிக் கதைத்தவள் நான். அந்தக் கதை விலைக்காக. இது எனக்காக. நிறுத்தினால் வாசலில் இருந்து டிக்கட் கிழிக்க வேண்டியதுதான்.

ஜூலை 1

மதினி றமீஸாவிடம் போனேன். என் மனிசன் பஹ்மியின் ராத்தா, மூத்தவள். காத்தான்குடியில் எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்யாணமோ கத்தம் ஓதுவதோ மதினியைக் கேட்காமல் அசையமாட்டார்கள்.

"பாயயும் பெட்டியயும் காட்டிக் கதைக்கிறதுக்குச் சம்பளமா கா? அப்ப எனக்கு எவ்வளவு வரணும்?" என்று சிரித்தாள். பிறகு, "சரி, கூட்டத்தக் கூட்டிக்கு வாறன். போரடிச்சா எழும்பி வந்திருவன், சொல்லிட்டன்."

ஜூலை 5, சனி

யா அல்லாஹ். எங்கே தொடங்க?

வந்தார்கள். பஸ் நிறைய வந்தார்கள். கைத்தறி அறையில் நான் வாயைத் திறக்க முன்னமே, "இது எங்கட வாப்பாட சாரன்ட கரை" என்று ஒருத்தி, "இல்ல கா, அது பச்சை" என்று மற்றவள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. நான் கேள்வி கேட்க, அவர்கள் சொல்ல, சுற்று தானாக நடந்தது.

பிறகு பாய் அறை. நடுநிலத்தில் பன் புல்லால் இழைத்த பழைய பாய் ஒன்றை விரித்து, பக்கத்தில் பித்தளை வட்டாவில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. காட்சிக்கு உயிர் வேண்டுமென்று தினமும் பச்சை வெற்றிலை வைக்கச் சொல்வது சேர்தான். கயிறு கட்டினால் அழகு கெட்டுவிடுமாம்.

நான் அலுமாரிப் பக்கம் திரும்பி ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் வட்டமாக இருக்கிறார்கள். மதினி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் அதில் ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. அதுதான் உண்மை.

சேர் கதவடியில் நின்று கத்தினார். "எழும்புங்க! எழும்புங்க எல்லாரும்!"

விரித்த பாயில், வட்டாவுக்கு முன்னால் இருந்த பெண்களைப் பார்த்து. மதினி வெற்றிலையைத் திருப்பி வட்டாவில் வைத்தாள். முகம் கறுத்துப் போயிற்று. என்னை ஒரு தரம்கூடப் பார்க்காமல் போய் பஸ்ஸில் ஏறினாள்.

ஜூலை 6

மதினி போனை எடுக்கவில்லை. நாலு தரம் அடித்தேன். கட்டாரிலிருந்து பஹ்மி போன் பண்ணி, "ராத்தாவ என்ன செஞ்ச நீ?" என்கிறார். நானா செஞ்சன்? நானா எழும்பச் சொன்னன்? எல்லாப் பழியும் என்ட தலையில!

ஜூலை 7, திங்கள்

சேர் பாயின் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். விளிம்பில் பன் முறிந்திருக்கிறது, ஒரு இடத்தில் சுண்ணாம்புக் கறை. விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"பாய விரிச்சது ஆரு சேர்? வட்டாவில வெத்தில வெக்கச் சொன்னது ஆரு?"

"அது காட்சி, அஸீமா."

"எங்கட ஊரில அதுக்கு இரிங்க எண்டு கருத்து. இரிங்க எண்டு சொல்லிப்போட்டு எழும்பச் சொன்னா?"

"இந்தப் பாய்க்கு எழுபது வயசு. இப்பிடி இன்னொண்டு எங்க எடுக்கிற?" நானும் குனிந்து அந்தக் கறையைப் பார்த்தேன்.

ஜூலை 8

கயிறும், ‘தொடாதீர்கள்’ பலகையும் வந்திறங்கின. என்னைக் கட்டச் சொன்னார். கட்டமாட்டேன் என்றேன்.

பழைய பாயைச் சுவரில் ஏற்றுங்கள், கீழே புதுப் பாய்களை விரியுங்கள், வருகிறவர்கள் இருந்து கதைக்கட்டும் என்றேன். "இது சேகரிப்பு. கல்யாண வீடில்ல" என்றார். மதினியிடம் போனில் மன்னிப்புக் கேட்கிறாராம். போனிலா? எங்கள் வழக்கப்படி வட்டாவோடு வீட்டுக்குப் போய்த்தான் அழைக்க வேண்டும். அவர் போகும்வரை சனிக்கிழமைப் பலகையை நான் வைக்கப்போவதில்லை. அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

"வேலை போயிரும் அக்கா" என்றாள் விதுர்ஷா. போகட்டும் என்றேன். பொய். எனக்கு இந்த வேலை வேணும், வேணும், வேணும்.

ஜூலை 12, சனி

பலகையை வைக்கவில்லை. சேர் வந்து வெறும் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். நான் இடத்தை விட்டு அசையவில்லை.

பின்னேரம், கதவைப் பூட்டும்போது: "வெத்தில எங்க வாங்கிற, அஸீமா? கடையிலயா சந்தையிலயா?"

ஜூலை 13, ஞாயிறு

சேரோடு மதினி வீட்டுக்குப் போனேன். வட்டாவைத் துணியால் மூடி, பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். சேகரிப்பின் வட்டாவேதான். மதினியின் மனிசன், நிஸ்தார் மச்சான், வாசலுக்கு வந்து கூட்டிப் போனார்.

மதினி பாயை எடுத்து உதறி நடு வீட்டில் விரித்தாள். சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓரத்தில் ஒடுங்கி இருந்தார். வட்டாவை முன்னால் வைத்து, "பிழை என்னில. நீங்க எல்லாரும் திரும்ப வரணும்" என்றார்.

மதினி நிமிர்ந்தாள்.

"எழும்புங்க!"

அவர் கத்திய அதே மாதிரி, அதே சத்தத்தில். சேர் பாதி எழும்பிவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை. மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அடக்க ஏலாத சிரிப்பு. "இரிங்க சேர், இரிங்க. எப்பிடி இருக்குமெண்டு தெரியோணுமே, அதுக்குத்தான்."

பிறகு வட்டாவை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். சேருக்கு வெற்றிலை பழக்கமில்லை. போட்டார். இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீர். மதினிக்கு அதைப் பார்த்து இன்னும் சிரிப்பு.

ஜூலை 22

பழைய பாய் சுவரில் ஏறிவிட்டது, கீழே புதுப் பாய்கள். சுண்ணாம்புக் கறையைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். கிடக்கட்டும், அதிலிருந்தே உன் பேச்சைத் தொடங்கு என்றார் சேர்.

ஜூலை 26, சனி

பலகை வைத்தேன். பாய் அறை வாசலில் செருப்பு மிதிபடாமல் உள்ளே போக இடமில்லை. மதினி இந்தத் தரம் களுவாஞ்சிக்குடிச் சிநேகிதிகளையும் கூட்டி வந்திருந்தாள். தொண்டை கட்டும்வரை கதைத்தேன்.

பின்னேரம் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம். புதுப் பாய்க்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு, இருக்கலாமா கூடாதா என்று தயங்கி நின்றார்கள். நான் வாயெடுக்க முன் சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தான் முதலில் இருந்தார். வட்டாவை அவர்கள் பக்கம் தள்ளினார்.

"இரிங்க," என்றார்.