சிட்டு ஒப்பித்த எழுத்துப் பலகை

ஜூன் 4
பக்கத்து வீட்டு அம்மா வந்தாள். விடுவேனா? பேரப்பிள்ளைகள் பெருமைதான். பெரிய பேரன் இன்ஜினியர். நடுவுள்ளவள் நீச்சலில் இரண்டு கோப்பை. கடைக்குட்டி சிட்டுவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். எட்டு வயசு. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் கண் சோதித்தபோது, வரிசையில் முன்னால் நின்றவர்கள் படித்ததைக் காதில் வாங்கியே பலகை முழுக்க ஒப்பித்துவிட்டாள். "நான் பார்க்கவே இல்ல பாட்டி"ன்னு என்கிட்ட மட்டும் சொன்னாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி!

ஜூன் 19
சிட்டுவின் இடது கண் முன்னால் தள்ளினாற்போல இருக்கிறதாம். மருமகள் சொல்கிறாள். "அவ முட்டைக்கண்ணு, என்னை மாதிரி" என்று சிரித்தேன்.

ஜூன் 23
கண் ஆஸ்பத்திரி. வலது கண்ணால் படித்தாள். அதை மூடினதும் இன்னும் வேகம். நான் பெருமையாகச் சுற்றிலும் பார்த்தேன். சோதிக்கிற பெண் பலகையை மாற்றினாள். சிட்டு கழுத்தை முன்னால் நீட்டினாள். அப்புறம் மெதுவாக, "அக்கா, பழசையே வைங்களேன்."

ஜூன் 24
அப்போ போன வருஷமே தெரியலையா? என்கிட்ட சொன்னாளே. சொன்னாளே!

ஜூலை 1
ஸ்கேன் வந்தது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் கட்டி. "வெட்டினா அந்தக் கண் மொத்தமா போயிடும். விட்டா அடுத்த கண்ணுக்கும் பரவலாம். மருந்து ஏத்துவோம், வளராம நின்னா அதுவே பெரிசு" என்றார் டாக்டர். "ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "இப்ப வந்துட்டீங்கல்ல" என்றார். போன வருஷம் சிட்டு என்கிட்ட சொன்னதை மகனுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

ஜூலை 9
வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். கூட ஒருத்தர்தான் இருக்கலாமாம். நான் என்னத்துக்கு ஆவேன்?

ஜூலை 12
மகனிடம் சொல்லிவிட்டேன். "குழந்தை அதை விளையாட்டா சொன்னா, உனக்கெப்படிம்மா தெரியும்?" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 2
மூன்றாவது ஊசி. ஓயாமல் வாந்தி. போனில் கதை ஆரம்பித்தேன். "கதை வேணாம் பாட்டி. சும்மா லைன்ல இரு." இருந்தேன். அவள் மூச்சுதான் கேட்டது.

ஆகஸ்ட் 16
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 11
மறு ஸ்கேன். கட்டி வளரவில்லை. வலது கண் நன்றாக இருக்கிறது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம், அது அவ்வளவுதானாம். ஊசி இன்னும் பல மாதம். மருமகளுக்கு நாலு வரி எழுதிப் போட்டேன்: 'சிட்டுவைப் புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. பள்ளிக்கூடப் படம் வேண்டாம். முடி கொட்டியிருந்தால் கொட்டியிருக்கட்டும், கண்ணை மறைக்காதே. இப்போ எப்படி இருக்கிறாளோ அப்படியே எடு.'