19:00-க்குள் ஓட வேண்டும்

ஜூலை 13, ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஏலகிரிப் பக்கம் போய்விட்டது.

ஏரிக்கரை மண் பாதையில் ஐந்து கி.மீ., முழு வேகம். வாட்ச்சில் 19:52. துடைத்துவிட்டுப் பார்த்தேன். துடைத்தால் குறைகிற விஷயம் இல்லை அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் 18:41 ஓடியவள் நான். அப்போது பயிற்சிகூட இவ்வளவு இல்லை. இப்போது வாரத்துக்கு எழுபது கி.மீ. ஓட ஓட நேரம் ஏறுகிறது.

மறக்காமல் இருக்க:
அக். 12, வேலூர் மைதானம், தேர்வு ஓட்டம், 5000 மீ.
19:00-க்குள் வந்தால் விளையாட்டுக் கோட்டா வேலைக்கான பட்டியலில் பெயர்.
வயது வரம்பு 25. நவம்பரில் எனக்கு 26.

அதாவது இதுதான் கடைசி.

வீட்டு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. பதினான்கே படி. அண்ணிக்கு ஏழு மாசம் முடிந்து எட்டு. எனக்கு முன்னால் ஏறிப் போய்க் கதவைத் திறந்துவிட்டு நின்றார். "இன்னா கலை, வயித்துல புள்ள எனக்கா, உனக்கா?"

ஜூலை 17, வியாழன்

கம்பெனியில் ஏற்றுமதி அவசரம். நாள் முழுக்க ஷூ மேல்தோலில் தையல் பார்க்கிறதே வேலை. தையல் விட்டுப்போனது, தழும்பு இருப்பது எல்லாம் எடுத்து ஓரம் வைக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கண் பூத்துப்போகிறது. முன்பெல்லாம் இப்படி இல்லை.

எதிர் மேசை நஸ்ரீன்: "மொகமே வெளுத்துப் போய் இருக்கு. டாக்டராண்ட போடி."

"இன்னும் ஜாஸ்தி ஓடணும். அதான்."

"ஜாஸ்தி ஓடி ஜாஸ்தி ஓடித்தானே இப்டி ஆன."

இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை. ஊறவைத்த அரிசியை அள்ளி அள்ளித் தின்கிறேன். நேற்று இட்லிக்குப் போட்டதில் ஒரு கை குறைந்தது. அண்ணி கண்டுபிடித்துவிட்டார். கல்யாணத்தன்று மழை கொட்டப் போகிறதாம். கொட்டட்டும், ஏரியாவது நிரம்பும்.

ஜூலை 22, செவ்வாய்

அரைநாள் லீவு. வேலூரில் லேடி டாக்டர். விளையாடுகிறவர்களை நிறையப் பார்ப்பவர் என்று காலேஜ் தோழி சொன்னாள். போன சனிக்கிழமையே டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்துக் கொடுத்திருந்தேன். ரிசல்ட் வந்திருந்தது.

ஹெச்.பி. 12.6. ஃபெரிட்டின் 7.

"ஹெச்.பி. பரவாயில்லையேன்னு நெனைப்ப," என்றார். "அது கடையில அடுக்கி வச்ச சரக்கும்மா. ஃபெரிட்டின்தான் இரும்புச் சத்து இருக்கற குடோன். உன் குடோன்ல ஒண்ணும் இல்ல. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

மாதவிலக்கு எத்தனை நாள், கறி சாப்பிடுவாயா, டீ எத்தனை என்று வரிசையாகக் கேள்வி. தரையில் கால் அடித்து அடித்து ஓடும்போதும் கொஞ்சம் ரத்த அணு உடையும் என்றார். வியர்வையிலும் கொஞ்சம் போகுமாம். அதெல்லாம் சில்லறை என்பதுபோல எழுதிக்கொண்டே வந்தவர் கடைசியில், "ரத்தம் குடுத்தியா?"

எனக்குப் பெருமை. பையில் இருந்த ரத்ததானக் கார்டு ஐந்தையும் எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார்.

ஒன்றரை வருஷம், ஐந்து முறை:
1. நஸ்ரீனின் அம்மா. கர்ப்பப்பை ஆபரேஷன்.
2. யாரென்று தெரியாது. வாட்ஸப்பில் வந்தது.
3. அண்ணியின் சித்தப்பா. பைக் விபத்து.
4. கம்பெனி வேன் டிரைவரின் மனைவி.
5. போன ஏப்ரல். அண்ணன் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி, அவருடைய அப்பா. இதய ஆபரேஷன்.

எங்கள் பக்கம் யாருக்கு ஆபரேஷன் என்றாலும், ரத்தம் கொடுக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். உடனே என் ஞாபகம் வரும். "அந்த ஓடற பொண்ணு இருக்குல்ல." ஓடுகிறவள் உடம்பில் ரத்தம் வழிகிறது என்று எல்லோருக்கும் நினைப்பு. பாரம் தூக்குகிற ஆம்பளைகளைக் கேட்க மாட்டார்கள், அவர்கள் உடம்பு தளர்ந்துவிடுமாம். நானும் நம்பினேன், அதுதான் வெட்கம். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரத்த வங்கியில் குறை இல்லை. ஒவ்வொரு முறையும் விரலில் குத்திப் பார்த்தார்கள், நாலு மாச இடைவெளி கேட்டார்கள், எல்லாம் பாஸ். எழுபது கி.மீ. ஓடுகிறேன் என்று நான்தான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் சொன்னது:
இரும்புச் சத்து மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள். வெறும் வயிறு, எலுமிச்சைச் சாறோடு.
டீ முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கூடாது.
காலையில் ஓடி முடித்த கையோடு போட வேண்டும். ஓடி மூன்று, நான்கு மணி நேரம் ஆனால் உடம்பு இரும்பை உள்ளே விடாதாம்.
கி.மீ. பாதியாகக் குறை.
இப்போதைக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது.

"அக்டோபருக்குள்ள சரியாயிடுமா மேடம்?"

"மூணு மாசம் ஆகும். சில பேருக்கு அதுக்கு மேலயும். உனக்கு ரெண்டரைதான் இருக்கு. பாக்கலாம்."

ஆகஸ்ட் 6, புதன்

லேசான தூறல். மண் வாசனையைவிடத் தோல் ஷாப்பு வாசனைதான் முன்னால் வருகிறது.

மாத்திரை எட்டாவது. வயிறு கல். மற்ற விவரம் எழுதவில்லை, கருப்பு என்று மட்டும்.

பத்தேகால் டீயை விட்டது பெரிய தியாகம். கம்பெனியில் எல்லோரும் டம்ளரோடு நிற்க, நான் வெந்நீரோடு. நஸ்ரீன் என் பங்கையும் சேர்த்துக் குடிக்கிறாள்.

ஞாயிறுதோறும் கறிக்கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" எனக்கு என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு ஈரல் இரண்டு துண்டு சேர்த்துப் போட்டார். அண்ணி மிளகு தூக்கலாக வறுத்தார். நான்கே துண்டுதான், நாக்கில் அரிசி ஆசை இன்னும் போகவில்லை.

பாதி தூரம் மட்டும் ஓடுவதுதான் கொடுமை. உடம்பு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது, மனசு மட்டும் ஏரியைச் சுற்றுகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

5 கி.மீ. 19:41.

ஒரு மாசம், பதினோரு நொடி. இன்னும் நாற்பத்திரண்டு வேண்டும். கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் துணி துவைத்தேன்.

ஆனால் படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

அண்ணியைச் செக்கப்புக்கு அழைத்துப் போய்விட்டு அண்ணன் வந்தான். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். 11-ஆம் தேதி சிசேரியன். ரத்தம் ஒரு யூனிட் தயாராக வைக்க வேண்டும், ஆள் கூட்டி வரச் சொன்னார்கள்.

சோறு பிசைந்துகொண்டே சொன்னான். என்னைக் கேட்கவில்லை. சொன்னான். "கலை குடுத்துரும்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். ஏப்ரல்ல குடுத்தது, நாலு மாசம் தாண்டிடுச்சில்ல."

"என்னால முடியாதுண்ணா."

இன்னொரு கை சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். நான் ரிப்போர்ட்டை எடுத்து வந்து 7-ஐக் காட்டினேன். குடோன் கதையைச் சொன்னேன்.

"ஒரு பாட்டில்தானே."

"நீ குடு."

"நான் பி பாசிட்டிவ்."

"எந்த குரூப்பா இருந்தாலும் எடுத்துப்பாங்க. அதுக்குப் பதிலா அவங்க குடுப்பாங்க."

"ஈரத் தோலு தூக்கறவன் கலை நான். ஒரு தோலு எத்தினி வெய்ட்டுன்னு தெரியுமா? நீ ஓட்டம்தானே ஓடற."

ஓட்டம்தானே. கை கழுவிவிட்டு எழுந்துபோனான். அண்ணி அடுப்பாங்கரையில்தான் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் நான் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

வீட்டில் டி.வி. மட்டும் பேசுகிறது.

நான் செய்வது பாவமா? பிள்ளை பெறப்போகிறவளுக்கு இல்லை என்று சொன்னவள். இரண்டு நாளாக இதையே அரைக்கிறேன். சரி, கொடுத்துவிடலாம் என்று காலையில் முடிவு பண்ணினேன். ஓடி முடிப்பதற்குள் மாற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உருவினேன்.

"உம்மேல கோவம்தான் எனக்கு," என்றார். "நேத்து வரைக்கும். அப்புறம் யோசன பண்ணேன். கேக்க வேண்டிய ஆளை விட்டுட்டு உன்னைக் கேட்டா நீ இன்னா பண்ணுவ."

அண்ணன் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. சத்தம் போடவும் இல்லை. "புள்ள உங்களுது. ரத்தம் மட்டும் தங்கச்சியுதா?"

செப்டம்பர் 10, புதன்

காலையிலிருந்து மேகமூட்டம். அண்ணனோடு நானும் வேலூர் போனேன். ஊசி என்றால் பயம் என்று இத்தனை வருஷமாக எங்களுக்குத் தெரியாது. முப்பத்திநாலு வயசு, நாலு ஆள் எடை தூக்குகிறவன், நர்ஸ் பஞ்சை எடுத்ததுமே கண்ணை மூடிக்கொண்டான்.

அவனுக்கு ஹெச்.பி. 15.4. பொறாமையாக இருந்தது. எனக்கு அது இருந்தால் பறப்பேன். அவன் அதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குகிறான்.

முடிந்ததும் ஜூஸ், பிஸ்கெட். "இவ்ளோதானா?" என்றான். வழியெல்லாம் பிளாஸ்திரியை எல்லோரும் பார்க்கும்படி சட்டையை மடித்துவிட்டிருந்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

பெண். 2 கிலோ 900. அண்ணி நலம். ரத்தம் ஏற்றவேண்டி வரவில்லை.

அண்ணன்: "அப்ப என் ரத்தம் இன்னா ஆவும்?"

வேறு யாருக்காவது போகும் என்றார் நர்ஸ். கொஞ்ச நேரம் அந்த வேறு யாரையோ தேடுகிற மாதிரி வராந்தாவில் நடந்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

அண்ணன் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள். சீக்கிரம் வந்துவிட்டான். சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

"ரெண்டாவது லோடுலயே மூச்சு வாங்கிச்சு. டிரம்மாண்ட நின்னுட்டேன். ஒரு மாதிரி கால்ல சத்தே இல்ல."

"ஒரு வாரம் அப்டித்தான் இருக்கும். எனக்குச் சரியாக ஜாஸ்தி நாள் ஆவும்."

தண்ணீரைக் குடிக்காமல் என்னைப் பார்த்தான். "அஞ்சு தடவயும் இப்டித்தான் இருந்துச்சா?"

"ம்."

குழந்தை அழுதது, போய்விட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

19:17. ஃபெரிட்டின் 21.

டாக்டர் சந்தோஷப்பட்டார். இன்னும் இரண்டு மாசம் இருந்தால் கவலையே இல்லை என்றார். இரண்டு மாசம் எங்கே விற்கிறது என்று கேட்க நினைத்தேன்.

அரிசி ஆசை போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. கண் பூப்பதும் இல்லை. இன்று கடைசி கி.மீ.-ல் வேகம் கூட்டியபோது உடம்பு கேட்டது. பழைய உடம்பு. எங்கோ போயிருந்து திரும்பி வந்த ஆள் மாதிரி. சந்தோஷமாக இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

செய்ய வேண்டியது: ஸ்பைக்ஸ் துடைக்க. ஆதார் நகல் 2. வயதுச் சான்று. வாழைப்பழம். தலைக்கு ரப்பர் பேண்ட்.

ஒரு சுற்று 91 நொடி. பன்னிரண்டரைச் சுற்று. அதற்குமேல் யோசிக்கக் கூடாது.

அண்ணியின் அம்மா வந்திருக்கிறார், அதனால் அண்ணனும் கூட வருகிறானாம். வேண்டாம் என்றேன். சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டான்.

அக்டோபர் 12, ஞாயிறு

மேகம். காற்று இல்லை. இதைவிட நல்ல நாள் கேட்டாலும் கிடைக்காது.

பதினோரு பேர். எட்டுச் சுற்று வரைக்கும் 91, 91, 90, 92, சொல்லி வைத்த மாதிரி. மூச்சு சீராக இருந்தது. அண்ணன் கம்பி வேலிக்கு வெளியே நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் "கடைசி, கடைசி" என்று கத்தினான். எண்ணத் தெரியவில்லை. ஒன்பதாவதில் 93. பத்து, பதினொன்று இரண்டும் 94. அங்கேதான் போனது. கடைசியில் மறுபடி பிடித்தேன், 91, அரைச் சுற்று 44.

மூன்றாவது. 19:04.

பட்டியல் ஒட்டினார்கள். இரண்டு பெயர். நான் இல்லை.

குழாயடியில் முகம் கழுவும்போது அழுதேன். கொஞ்ச நேரம்தான். மூன்று மாசத்துக்கு முன்பு ஓடியதற்கு நாற்பத்தெட்டு நொடி குறைத்திருக்கிறேன், அது எனக்குத் தெரியும். பட்டியல் ஒட்டுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆம்பூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்தான். பள்ளிகொண்டா தாண்டியது. அப்புறம் கேட்டான். "எத்தினி செகண்டு?"

"நாலு."

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி சொன்னான். "ஏப்ரல்ல மேஸ்திரி உன்னைக் கேக்கல கலை. என்னாண்டதான் கேட்டாரு. நீ குடுக்கறியா மோகன்னு. நான்தான் தங்கச்சி குடுக்கும்னு சொன்னேன்."

பரவாயில்லண்ணா என்று வாய் வரைக்கும் வந்தது. ஐந்து முறையும் ரத்தம் கொடுத்துவிட்டு அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்குச் சொல்லவில்லை. அவன் காத்திருந்தான். மாதனூர் தாண்டியும் சொல்லவில்லை.