விவரம் சரியா?

செங்கல்பட்டு,
வியாழக்கிழமை

அன்புள்ள பூபாலன் அவர்களுக்கு,

உங்கள் பணி ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்க நிறுவனம் கேட்டிருக்கிறது. நீங்கள் இதுவரை கையெழுத்துப் போடவில்லை. போடுவதாக இருந்தால் இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் போட வேண்டும். முதல் தகவலைச் சொன்னது, நம் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பிரதீபா. மற்ற இரண்டையும் உறுதிசெய்தவர், தோஹாவில் உங்களோடு வேலை பார்ப்பவரும் இப்போது விடுமுறைக்குக் கோவளம் வந்திருப்பவருமான அப்துல் சுபஹான். நீங்கள் சொன்னதாக இதில் எதுவும் இல்லை. நீங்கள் எதுவும் சொல்லவில்லை.

பெயரைப் போட்டு ஆரம்பித்திருக்கிறேனே என்று திகைக்க வேண்டாம். இருபத்திரண்டு வருடமாக "என்னங்க" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. ஆனால் செய்தி என்று வந்துவிட்டால் பெயர் வேண்டும்.

நான் நலம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, கொளவாய் ஏரியில் பாதித் தண்ணீர்தான். கடிதத்தை சுபஹான் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார். கூடவே நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். அதை அறையில் வறுத்து அக்கம்பக்கத்தாரிடம் திட்டு வாங்காதீர்கள்.

நம் "கொளவாய்க்கரை" செய்தித் தளம் சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை முதல் புதிய சர்வரில் ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது. போன மழைக்கு, ஏரி நிரம்பி வழிகிறது என்று நான் எழுதிய அன்று ஊரே ஒரே நேரத்தில் திறந்துபார்த்ததில் தளம் படுத்துவிட்டதல்லவா, இனி அப்படி ஆகாதாம். கடல் அரிப்பு பற்றி எழுதக் கொக்கிலமேடு போயிருந்தேன். மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த முனியம்மா தன் செல்போனை நீட்டிக் காட்டினாள்.

"இன்னாமே, உன் பேப்பரு இப்ப தொட்டதும் தொறந்துக்குது! உன் வூட்டுக்காரரு பண்ணாரா?"

எங்கள் ஆபீஸ் பெண் செய்தாள் என்றேன்.

"அப்ப அவரு இன்னாத்துக்கு?" என்றாள்.

கடல் அரிப்பைப் பற்றிக் கேள்வி கேட்கப் போனவள், பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரும்வரை அவள் கேட்ட கேள்வியையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை. நீங்கள் போனில் கூப்பிடும் அந்தக் காலை வேளை நான்கு வருடமாக என்னுடையதாக இருந்தது. கடைசி மூன்று வெள்ளிக்கிழமைகள் பிரதீபாவுடையவை. ஒரு மேசையில் நான் செய்தி எழுதுவேன். எதிர் மேசையில் அவள் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீங்கள் சொல்லச்சொல்லத் தட்டுவாள். முதலில் லினக்ஸ், பிறகு பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் அப்பாச்சி, பிறகு செய்திகளை அடுக்கிவைக்கும் டேட்டாபேஸ், பிறகு இரண்டுக்கும் நடுவில் ஓடியாடும் பிஎச்பி. பாருங்கள், எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"அண்ணாத்த, இன்னா இது, பர்மிஷன் இல்லன்னு சொல்லிகினு கீது?" என்பாள் அவள்.

"முன்னாடி சூடோ போடும்மா. நீதான் மொதலாளின்னு அதுக்குத் தெரிய வேணாமா?" என்பீர்கள் நீங்கள்.

"மொதலாளியா? அப்புறம் சம்பளம் யாரு தருவாங்க எனக்கு?"

அதற்கு நீங்கள் சிரித்தீர்கள். நான் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை.

இன்னொரு நாள் அவள் ஒரு கோப்புறையையே தவறுதலாக அழித்துவிட்டாள். நான் பதறிப்போய்விட்டேன். நீங்களோ, "போனா போவுது, மறுபடி போட்டுக்கலாம்" என்றீர்கள். வீட்டில் உங்கள் கம்ப்யூட்டரின் ஒயர் என் துடைப்பம் பட்டு நகர்ந்த அன்று என்ன சொன்னீர்கள் என்பது நினைவிருக்கிறதா? "லோகா, அதைத் தொடாதே." அதற்குப் பிறகு நான் தொடவில்லை. புது சர்வரின் கடவுச்சொல்லை அவளுக்குக் கொடுத்தீர்கள். நான் கேட்டதற்கு, "உனக்கு எதுக்கு லோகா அது" என்றீர்கள். பாடம் முடிந்ததும் அவளிடம், "சாப்ட்டியாம்மா?" பிறகு செல்போன் என் கைக்கு வரும். "லோகா, ரவுட்டர்ல பச்சை லைட் எரியுதா பாரு." எரிகிறது என்பேன். வைத்துவிடுவீர்கள்.

பிரதீபா நல்ல பெண். இதை நேர்மைக்காக எழுதுகிறேன். பொத்தேரிக் கல்லூரியில் படித்தவள், ரயில் தாமதமானாலும் நேரத்துக்கு வந்துவிடுபவள், டீ வாங்கப் போனால் எனக்குச் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லி வாங்கிவருபவள். எனக்கு இருக்கும் வயிற்றெரிச்சல் நீங்கள் பயப்படும் மாதிரியானது இல்லை. எனக்கு எரிவது உங்கள் பொறுமையைப் பார்த்து. இவ்வளவு பொறுமை உங்களிடம் இருந்ததா? இருபத்திரண்டு வருடமாக அதை எங்கே வைத்திருந்தீர்கள்? எனக்குத் தெரியாத ஒரு அலமாரி நம் வீட்டில் இருந்திருக்கிறது. அவள் வந்த மூன்றாவது வாரமே அது திறந்துகொண்டது.

தளம் மாறிய அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் டீ வாங்கப் போயிருந்தாள். திரை திறந்தே இருந்தது. உங்கள் பாடத்தை ஒட்டுக்கேட்டதில் எனக்கு ஒரு கட்டளை மட்டும் மறக்கவில்லை. "ஹூ." யார் என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. அடித்தால், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும். அடித்தேன். பூபாலன், பிரதீபா என்று இரண்டு பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்று. பக்கத்தில் எப்போது வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்ற விவரம். யார், எப்போது, எங்கிருந்து. ஒரு நிருபர் அலைந்து திரிந்து கேட்க வேண்டியதில் மூன்றை அது உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறது. ஏன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அதனால் டீயோடு வந்த பிரதீபாவிடம் கேட்டேன். ஒப்பந்தம் முடிந்து அவர் வரும்போது அவரே பார்த்துக்கொள்வாரே, எல்லாவற்றையும் உனக்கு ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்லித் தருகிறார் என்று.

"இன்னாக்கா இப்டி கேக்கற? அண்ணாத்த இன்னும் ரெண்டு வருஷம் அங்கதான இருக்கப் போறாரு. புதுசா பெரிய பொறுப்பு தராங்களாம். நடுவுல சர்வரு படுத்துக்கினா யாரு பாக்கறது? அதான் எனுக்கு சொல்லித் தராரு." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, உனுக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்றேன். இத்தனை வருட வேலையில், உறுதிசெய்யாமல் நான் வெளியிட்ட ஒரே செய்தி அதுதான்.

மற்ற பத்திரிகைகள் என்னை முந்தியதுண்டு. கல்பாக்கம் பக்கம் படகு கவிழ்ந்தபோது ஒருவர் முந்தினார். மறைமலைநகர் ஆலை வேலைநிறுத்தத்தில் இன்னொருவர். அன்றெல்லாம் தூக்கம் வந்தது. என் வீட்டுச் செய்தியை ஒருத்தி டீ டம்ளரோடு வந்து சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த உங்கள் பழைய கம்ப்யூட்டரை இறக்கச் செய்தேன். தொட்டேன். லினக்ஸ் போடுவதற்கான பென் டிரைவ், நம் அலுவலகத்துக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சுராயாவிடம் வாங்கினேன். சுபஹானின் தங்கை என்பதால் அவளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எனக்கு முன்பே தெரிந்தவர்கள் பட்டியலில் அவளும் சேர்த்தி.

"இன்னாக்கா, புருஷனோட சண்டைன்னா பொம்பளைங்க அம்மா வூட்டுக்குப் போவாங்க. நீ லினக்ஸுக்குப் போறியே!" என்று சொல்லி, கடையில் நின்றவர்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நானும்தான் சிரித்தேன்.

பிரதீபாவிடம் உதவி கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அப்பாச்சிவரை தடையில்லை. "இது வேலை செய்கிறது" என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. டேட்டாபேஸில்தான் மாட்டிக்கொண்டேன். கட்டளையை எழுத்துப் பிசகாமல் அடித்து, கடைசியில் என் வழக்கப்படி முற்றுப்புள்ளி வைத்தேன். அது முடிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வரியில் ஒரு அம்புக்குறியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இன்னொரு முறை எண்டர் தட்டினால் இன்னொரு அம்புக்குறி. திட்டவும் இல்லை, தவறு என்று சொல்லவும் இல்லை, இன்னும் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கிற மாதிரி காத்துக்கொண்டே இருந்தது. தினமும் ஆயிரம் முற்றுப்புள்ளி வைக்கிறவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது.

திடீரென்று உங்கள் குரல் காதில் கேட்டது. "கடைசில அரைப்புள்ளி வெச்சியா?" பாடத்தில் நீங்கள் பிரதீபாவிடம் கேட்டது. வைத்தேன். உடனே நகர்ந்தது. எனக்குச் சொல்லாத பாடத்தில்தான் நான் பாஸ் செய்திருக்கிறேன்.

சனிக்கிழமை

வியாழக்கிழமை மூடி ஒட்ட இருந்த கடிதம். நேற்று வெள்ளிக்கிழமை, பாடம் எல்லாம் முடிந்துவிட்டதால் நீங்கள் எனக்குக் கூப்பிடுவீர்களா என்று பார்க்கலாம் என நிறுத்தி வைத்தேன்.

கூப்பிட்டீர்கள். தளம் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டீர்கள். மழை வந்ததா என்று கேட்டீர்கள். முழங்காலைக்கூடக் கேட்டீர்கள். நான் இரண்டு தடவை வழிவிட்டேன். வேறு என்ன சேதி என்று ஒரு தடவை. அங்கே வேலையெல்லாம் எப்படி என்று ஒரு தடவை. "ஒண்ணுமில்ல லோகா, எப்பவும்போலதான்" என்றீர்கள். நிருபர் வேலையில் மூன்றாவது தடவையும் கேட்பது வழக்கம். கேட்கவில்லை. நீங்கள் தயங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. புதிய பொறுப்பு உங்களுக்குப் பெருமை என்பதும், அதை என்னிடம் சொன்னால் நான் அழுதுவிடுவேனோ என்று நினைப்பதும் புரிகிறது. நான் அழ மாட்டேன். ஆனால் பிரதீபாவிடம் சொல்லும்போது தயங்கியிருக்க மாட்டீர்கள். அதுதான் ஆறவில்லை.

பரணிலிருந்து இறங்கிய கம்ப்யூட்டரில் இப்போது எல்லாம் ஓடுகிறது. கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு செய்தி போட்டிருக்கிறேன். லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் திறக்கும். முனியம்மாவின் செல்போனில் திறக்காது, தோஹாவில் திறக்காது. இந்த வீட்டுக்குள் வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும்தான் தெரியும். வெளியே காட்ட ரவுட்டரில் வழி திறக்க வேண்டுமாம். திறக்கவில்லை. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறது, நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

கொளவாய்க்கரை தளத்துக்கு இனி நீங்கள் தேவையில்லை. பிரதீபா போதும், அதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கம்ப்யூட்டர் அப்படி இல்லை. இதை யாருக்கும் சொல்லித்தரப் போவதில்லை.

நேற்று நீங்கள் வைத்த பிறகு இதில் "ஹூ" என்று அடித்துப் பார்த்தேன். லோகநாயகி என்று ஒரே பெயர். அதனால் உங்களுக்கும் ஒரு கணக்குத் திறக்க உட்கார்ந்தேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். மறுபடி அதையே கேட்டது, கொடுத்தேன். அதை நேரில் சொல்கிறேன். போனில் கேட்டால், உங்களுக்கு எதற்கு அது என்பேன். முழுப்பெயர் கேட்டது, பூபாலன் என்று கொடுத்தேன். அறை எண் கேட்டது. சிரிப்பு வந்தது, தாண்டினேன். அலுவலகத் தொலைபேசி கேட்டது, காலியாக விட்டேன். வீட்டுத் தொலைபேசி கேட்டது, நம் எண்ணைக் கொடுத்தேன். மற்றவை என்று ஒன்று கேட்டது. அதற்கு எழுத நிறைய இருந்தது. எதுவும் எழுதாமல் எண்டர் தட்டினேன்.

வெயிலில் அலையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எங்கே என்பதில்தான்.

கடைசியாக அது கேட்டது: விவரம் சரியா, ஆம் அல்லது இல்லை. உறுதியாகாததை ஆம் என்று எழுதிப் பழக்கமில்லாததால் அப்படியே விட்டிருக்கிறேன். மின்சாரம் போனாலும் அணையாதபடி, நீங்கள் வாங்கிவைத்த இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன். கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கேள்வி திரையில் துடித்துக்கொண்டிருக்கிறது. இருபதாம் தேதி வரை காத்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
லோகநாயகி