என் நெஞ்சில் இருப்பதாகச் சொல்லப்படும் ஊசி

அனுப்புநர்:
தையல்காரி (பெயர், பாஸ்போர்ட் நகல் இணைப்பில்)

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
வெளிநாட்டு வேலை விசா மருத்துவப் பரிசோதனை மையம்

பொருள்: எக்ஸ்ரே மறுபடி எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. வெளிநாட்டு ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, சென்ற வாரம் தங்கள் மையத்துக்கு வந்தேன். ரத்தம், சிறுநீர், கண் எல்லாம் சரி. எக்ஸ்ரேயில் மட்டும் "நெஞ்சில் உலோகப் பொருள், தகுதியில்லை" என்று முடிவு. இதையும் வேலை பிடித்துத் தந்த ஏஜென்ட் சொல்லித்தான் அறிந்தேன்.

2. கைத்தையல் போடுகிறவர்கள் ஊசியை ரவிக்கைக் கழுத்தோரம் குத்திவைப்பது வழக்கம். அன்று காலையும் பொத்தான் தைத்துவிட்டுத்தான் வந்தேன். எக்ஸ்ரே அறையில் நகையைக் கழற்றச் சொன்னார்கள். கம்மல், சங்கிலி, கொண்டை ஊசி வரை கழற்றினேன். இந்த ஊசி நினைவிலேயே இல்லை. அது என் மூக்கு மாதிரி, இருப்பதே தெரியாது.

3. அந்த ஊசியில் ஒரு முழம் சிவப்பு நூல் கோத்திருந்தது. படத்தில் ஊசி விழுந்து நூல் விழவில்லை என்கிறார் ஏஜென்ட். இது எனக்குப் பெரிய வியப்பு. பக்கவாட்டில் எடுத்தால் ஊசி உள்ளேயா வெளியேயா என்று தெரியுமா? அறிய மிகுந்த ஆவல். என் நெஞ்சின் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, ஏஜென்ட் பார்த்துவிட்டார்.

4. வரவேற்பு மேசையில் ஊசியைக் காட்டிக் கேட்டேன். "ஒரு தடவ அன்ஃபிட்னு கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னா மாத்த முடியாதும்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு வாங்க" என்றார்கள். இல்லாத ஊசியை யாரிடம் போய் எடுப்பது? மாமியாரோ, "எப்ப முழுங்கினே?" என்று கேட்டபடி இருக்கிறார். வேலை உத்தரவு வெள்ளிக்கிழமையோடு காலாவதி.

5. என் சின்ன மகள் என் நெஞ்சில் தலைவைத்துத்தான் தூங்குவாள். சேதி தெரிந்ததிலிருந்து, குத்தும் என்று தள்ளிப் படுக்கிறாள். ஊசியை எடுத்துக் காட்டினேன். "அது வேற ஊசி" என்கிறாள். தங்கள் மையமும் அதையேதான் சொல்கிறது. அவளாவது குழந்தை.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு படம் எடுத்து, முடிவைத் திருத்தி, படத்தை என் கையிலும் ஒருமுறை தருமாறு வேண்டுகிறேன். மகளுக்குக் காட்ட வேண்டும். வேலைக்குப் போனால் திரும்ப இரண்டு வருடம் ஆகும். அதுவரைக்கும் சேர்த்து, போகும் முன் அவள் என்மேல் படுத்துத் தூங்க வேண்டும்.

பணிவுடன், வாசலில் காத்திருக்கும்
தையல்காரி
(கையொப்பம்)

இடம்: தங்கள் மையத்தின் வாசல் பெஞ்சு
நாள்: திங்கட்கிழமை

இணைப்பு: பாஸ்போர்ட் நகல். அதே ஊசி, சிவப்பு நூலுடன் (உறையைக் கவனமாகப் பிரிக்கவும்).